உச்சி வெயிலில் ஒரு நடை

கோட்டைப்பட்டினம்
12.02.2025

அன்புள்ள காக்கா அவர்களுக்கு,

தங்கை நூர்நிஷாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருக்கிறோம். மஸ்கட்டில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

வாரம் இரண்டு தடவை போனில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று தௌஹீத் சிரிக்கிறான். என் மகனுக்கு என்ன தெரியும்? போன் வந்தால் ரூமானா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பேரன் பிடுங்கிக்கொண்டு உங்களிடம் மிட்டாய் கேட்கிறான். மருமகளையும் வைத்துக்கொண்டு அண்ணனிடம் எதைப் பேச முடியும்? ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து மறக்காமல் இருப்பதே, நீங்கள் வெளிநாட்டுக்குச் சபர் போன நாளிலிருந்து எழுதிய கடிதங்களால்தான். அதை விடமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாகப் பாதம் மதமதவென்று இருந்தது. அறந்தாங்கிக்குக் கூட்டிப் போனார்கள். சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பத்தெட்டு. பிரஷரும் இருக்கிறதாம். டாக்டரம்மா சின்னப் பெண்தான். ஆனால் கண்டிப்பு, நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுக்கு மேல்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா நடப்பீங்க?"

"அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்குறது சேருமா டாக்டரம்மா?"

"சேராது. வெளிய எறங்கி நாப்பது நிமிசம் கைய வீசி நடங்க. இல்லன்னா அடுத்த வருசம் ஊசிதான்."

கையை வீசி நடக்க வேண்டுமாம்! உங்கள் மச்சான் மௌத்தாகி நான் தனியாளான இந்த ஆறு வருடத்தில் நான் தனியாகத் தெருமுனையைத் தாண்டியதே விரல் விட்டு எண்ணக்கூடியது. அதற்கு முன்பும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் ஊசிக்குப் பயந்து நேற்றிலிருந்து தொடங்கிவிட்டேன். நடக்கிறேன், காக்கா.

நாளை மறுநாள் கிளம்பும் முகமது அஸ்வரிடம் இந்தக் கடிதத்தையும் வாளைக் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை அறைத் தோழர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு நீங்கள் முள்ளை நக்க வேண்டாம்.

துஆவுடன்,
நூர்நிஷா


மஸ்கட்
01.03.2025

அன்புத் தங்கை நூருக்கு,

உன் காக்கா ஷேக் தாவூது எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். முழங்காலுக்கு வயது அறுபத்திரண்டு. அது வயதுக்குத் தக்க மாதிரி நடந்துகொள்கிறது. கருவாடு வந்த அன்றே அறையில் பாதி காலி. நீ சொன்னபடிதான் ஆயிற்று.

நீ நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். நடக்கிறதா? நீ என்றைக்கு நடந்தாய்? கடைக்கு உப்பு வாங்க அனுப்பினால் ஓட்டம். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டி எடுத்துப் போனால் ஓட்டம். பள்ளிவாசலிலிருந்து வீடு வரும்போது சட்டியில் பாதிதான் இருக்கும். மீதி உன் பாவாடையில். "இவளுக்கு அல்லாஹ் கால்ல சக்கரத்த வச்சுப் படச்சுட்டான்" என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள். தோணித்துறையிலிருந்து ஐஸ் கம்பெனி வரைக்கும் மணலில் நாம் ஓடிய ஓட்டம் நினைவிருக்கிறதா? முதலில் போகிறவருக்கு வாட்ச்மேன் உடைந்த ஐஸ் கட்டி கொடுப்பான். மரத்தூளைத் துடைத்துவிட்டு அப்படியே வாயில் போடுவோம். இங்கே குளிர்பெட்டி நிறைய ஐஸ் இருக்கிறது. அந்த ருசி இல்லை.

பிறகு நீ ஓடுவதை விட்டுவிட்டாய். இப்போது மறுபடி இறங்கியிருக்கிறாய். சந்தோஷம்.

செருப்போடு நடக்காதே. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. நம் அறைத் தோழர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் உனக்கு ஷூ கொடுத்துவிடுகிறேன். அளவு குத்துமதிப்பாகத்தான் வாங்கினேன். இன்று இங்கே முதல் நோன்பு. டாக்டரம்மாவைக் கேட்காமல் நோன்பு பிடிக்காதே. திருச்சியில் மகள் வீட்டில் இருக்கும் என் மனைவி, உன் மச்சி ஷமீமாவுக்கும் ஒரு போன் போடு. நீ பேசவில்லை என்று குறைபடுகிறாள்.

அன்புடன்,
ஷேக் தாவூது


கோட்டைப்பட்டினம்
06.04.2025

அன்புள்ள காக்கா,

ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்தது. நீங்கள் பெருநாள் தொழுதுவிட்டு அறையில் தனியாகப் பிரியாணி பொங்கினீர்களா, ஹோட்டலா? இங்கே எல்லோருக்கும் சுகம். டாக்டரம்மா பதினோரு நோன்புக்கு மட்டும் சரி சொன்னார். மற்ற நாட்களில் ரூமானா எனக்கு முன்னால் உட்கார்ந்து இட்லி ஊட்டாத குறைதான்.

ஷூ வந்தது. கச்சிதமாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் என் கால் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே! ஆனால் அந்த நிறம் என்ன நிறம்? கறுப்புப் பர்தாவுக்குக் கீழே இரண்டு கிளி ஓடுகிற மாதிரி இருக்கிறது. முதல் நாள் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். பேரன் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "நன்னிமா, ஒங்களுக்குப் பள்ளிக்கூடமா?" என்று கேட்டான். சிரித்துவிட்டு, ஷூவைக் கழற்றாமல் இன்னொரு சுற்று நடந்தேன்.

நோன்பு முடிந்து மறுபடி நடக்கத் தொடங்கி ஆறு நாள் ஆகிறது. இறால் பண்ணைச் சாலையில் போகிறேன். நாம் சின்னப்பிள்ளையில் சிப்பி பொறுக்கிய களர் நிலம்தான் இப்போது வரிசையாகக் குளமாக இருக்கிறது. நோன்புக்கு முன்பு, முதல் வாரம் மூச்சு இரைத்தது. இப்போது என் கால் எனக்குச் சொல் கேட்கிறது. கொஞ்சம் எட்டிப் போட்டால் உடம்பு தானாக முன்னால் போகிறது. பன்னிரண்டு வயதில் இருந்த அந்தக் கால் எங்கும் போய்விடவில்லை, காக்கா. இத்தனை நாளும் மடித்து வைத்த சேலை மாதிரி பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது.

ஓடுவதை நான் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

வெயில் கொஞ்சம் உண்டு. பரவாயில்லை.

துஆவுடன்,
நூர்நிஷா


மஸ்கட்
26.04.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலத்துக்கு அல்லாஹ் போதுமானவன். பெருநாளைக்கு ஹோட்டல்தான். உன் கை நெய்ச்சோறு மாதிரி வராது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

"வெயில் கொஞ்சம் உண்டு" என்று எழுதியிருக்கிறாய். எந்த நேரத்தில் நடக்கிறாய்? இதைப் போனில் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை பேரன் அழுகிறான் என்றாய். ஒரு தடவை பால் பொங்குகிறது என்றாய். முப்பது வருடம் கட்டட சைட்டில் டைம் கீப்பர் வேலை பார்த்தவன் நான். ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. என்னிடம் நேரத்தை மறைக்க முடியாது.

சித்திரை பிறந்துவிட்டது. சுபுஹு தொழுதுவிட்டு ஏழு மணிக்குள் நட. இல்லையென்றால் அஸருக்குப் பிறகு வெயில் தாழ்ந்ததும் நட. தண்ணீர் பாட்டில் இல்லாமல் படி இறங்காதே. பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள். மாத்திரை போட்டு நடக்கிறபோது சர்க்கரை சடாரென்று இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். வெயிலிலும் வேர்க்கத்தானே செய்யும்? வெயில் என்று நினைத்துக்கொண்டே விழுந்துவிடுவாய்.

பதில் எழுது. நேரத்தை எழுது.

அன்புடன்,
ஷேக் தாவூது


கோட்டைப்பட்டினம்
11.05.2025

அன்புள்ள காக்கா,

ஸலாம். எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சைட்டில் தாமதமாக வந்த கொத்தனார் மாதிரி நின்றேன். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். கோபிக்கக்கூடாது.

முதலில் நல்ல சேதி. வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று முப்பத்தாறு. டாக்டரம்மா கைதட்டாத குறை. பாதத்தில் மதமதப்பும் பாதி போய்விட்டது.

இப்போது நேரம். காலையில் தொழுகை முடிந்து ஆண்கள் அத்தனை பேரும் ரெங்கராஜ் டீக்கடைப் பெஞ்சில்தான் இருக்கிறார்கள். அதைத் தாண்டாமல் பண்ணைச் சாலைக்குப் போக வழியில்லை. சாயங்காலம் மீன் ஏலம். அங்கிட்டும் இங்கிட்டும் வண்டியும் ஆளும். அவர்கள் நடுவில் இந்த வயதில் கையை வீசிக்கொண்டு நான் எப்படிப் போவேன்? அதனால் லுஹர் தொழுதுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்புகிறேன். ரூமானா பிள்ளையை உறங்கவைத்துத் தானும் உறங்கிவிடுவாள். தௌஹீத் கடையிலிருந்து சாப்பிட வர இரண்டரை ஆகும். அதற்குள் வந்துவிடுவேன்.

அந்த நேரத்தில் நம் ஊரை நீங்கள் பார்த்ததில்லை, காக்கா. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். டீக்கடையில் சாக்கு தொங்கும். வேப்பமரத்தடியில் ஆடுகள் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். தெரு முழுக்க எனக்கே எனக்கு. பண்ணைச் சாலையில் ஏறியதும் முகத்திரையைத் தூக்கிவிடுவேன். காற்று உப்போடு வந்து முகத்தில் அடிக்கும். தூரத்தில் கடல் வெள்ளையாகக் கிடக்கும். சுற்றுமுற்றும் பார்ப்பேன். ஒரு ஆளும் இருக்காது. கரண்டுக் கம்பம் இரண்டுக்கு நடுவில் கொஞ்சம் ஓடுவேன்.

ஆமாம், ஓடுகிறேன். சிரிக்காதீர்கள்.

பன்னிரண்டு வயதில் அத்தா என்னை உட்காரவைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஊர்ல பாத்துட்டு வந்து சொல்றாங்கம்மா. இனிமே வெளிய வேணாம்." யார் சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, அத்தாவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஊரில் எந்த ஆணைப் பார்த்தாலும், இவராக இருக்குமோ என்றுதான் தோன்றும். யாரும் பார்க்காமல் நடந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

தண்ணீர் எடுத்துப் போகிறேன். கொஞ்சமாகத்தான். நிறையக் குடித்தால், அந்த பிரஷர் மாத்திரை வேறு போட்டிருக்கிறேனா, வழியில் ஒதுங்க இடமில்லை.

துஆவுடன்,
நூர்நிஷா


மஸ்கட்
25.05.2025

நூருக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

மதியம் ஒரு மணிக்குக் கத்தரி வெயிலில் கறுப்புப் பர்தாவுக்குள் ஓடுகிறேன் என்று என்னிடமே எழுதுகிறாய். இங்கே கோடையில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரைக்கும் வெளிவேலை செய்யக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு நடந்ததைக் கேள். கறம்பக்குடிப் பக்கத்துப் பையன் முத்துராஜ். இருபத்தாறு வயது. கம்பி கட்டுகிறவன். மத்தியானம் வேர்ப்பது நின்றுவிட்டது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். சூடு பழகிவிட்டது என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். அரை மணி நேரத்தில் பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வருகைப் பதிவில் அவன் பேருக்கு நேரே வெளியேறிய நேரத்தை நான்தான் எழுதினேன். 1.50.

அவன் வாலிபன். எந்த வியாதியும் இல்லாதவன். நீ சர்க்கரை, பிரஷர் இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் போகிறாய். போனில் சொன்னால் வீடே கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்; இது கிடைத்த நிமிடமே நிறுத்து. காலையில் நட. டீக்கடையில் யார் இருந்தால் உனக்கென்ன?

ஷேக் தாவூது


மஸ்கட்
12.06.2025

அன்புத் தங்கைக்கு,

அல்லாஹ் உன்னைத் திருப்பித் தந்தான். அவனுக்கே புகழ்.

ரூமானா போனில் அழுதுகொண்டே சொன்னாள். என் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முந்தைய நாள் நீ பண்ணைச் சாலையில் விழுந்துவிட்டாயாம். பண்ணை வாட்ச்மேன் அருள்மணி ஓடிவந்து, இறாலுக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியை அப்படியே உன் மேல் கவிழ்த்தாராம். வாயில் சர்க்கரையைத் தடவி, தௌஹீதுக்கும் போன் போட்டாராம். சர்க்கரை நாற்பத்தொன்றுக்கு இறங்கி, உடம்பும் கொதித்துக் கிடந்தது என்று டாக்டரம்மா சொன்னதாகக் கேட்டேன். மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஹஜ்ஜுப் பெருநாளும் அங்கேயே போய்விட்டது.

நான் தௌஹீதிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இனி நீ வெளியே போகத் தேவையில்லை. நடப்பதென்றால் மொட்டை மாடியில் நட, வீட்டுக்குள் நட. முன் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கடைக்கு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அவனும் சரி என்றான். உன் நல்லதுக்குத்தான். கோபப்படாதே. பதில் எழுது.

அன்புடன்,
ஷேக் தாவூது


மஸ்கட்
20.07.2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அஸ்வர் மறுபடி சபர் வந்தான். கருவாடு கொண்டு வந்தான். கடிதம் கேட்டேன். "நூர்நிஷா ராத்தா குடுக்கலயே காக்கா" என்றான். போனில் நீ நலம், நலம், நலம் என்று மூன்று தடவை சொல்லி ரூமானாவிடம் கொடுத்துவிடுகிறாய்.

நீ ரூமுக்குள்ளேயே இருப்பதாகவும் மாடிக்குக்கூட வருவதில்லை என்றும் ரூமானா சொல்கிறாள். சர்க்கரை மறுபடி இருநூறைத் தாண்டிவிட்டதாம். சாப்பாட்டுத் தட்டில் பாதி திரும்பி வருகிறதாம். இந்த முப்பத்தொன்பது வருடத்தில் இரண்டு மாதம் நீ எழுதாமல் இருந்ததில்லை. மச்சான் மௌத்தான மாதம்கூட எழுதினாய்.

இரண்டு வரி எழுது.

ஷேக் தாவூது


மஸ்கட்
24.08.2025

நூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

அன்று தௌஹீதிடம் போனில், "ஒங்க உம்மாவ வெளிய விடாத" என்று சொன்னேன். போனை வைத்த பிறகு அந்தச் சத்தம் என் காதிலேயே நின்றது. எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

எண்பதாம் வருடம், நீ ஏழாம் வகுப்பு முடித்த லீவு. தோணித்துறையிலிருந்து ஐஸ் கம்பெனி வரைக்கும் பந்தயம் விட்டோம். நான், ரெங்கராஜ், இன்னும் நாலைந்து பேர், நீ. எனக்குப் பதினேழு வயது. ஆஸ்பத்திரிக் கிணற்றைத் தாண்டியதும் நீ என்னை முந்தினாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாய். எட்டிப் பிடிக்க என்னால் ஆனமட்டும் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது நீ ஐஸ் கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாய். எனக்கும் ஒரு துண்டு உடைத்து நீட்டினாய். பயல்கள் சிரித்தார்கள். "தங்கச்சிகிட்ட தோத்துட்டான்டா" என்று ஒரு வாரம் சிரித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு நான் அத்தாவிடம் போனேன். "புள்ள வளந்துட்டா அத்தா. அவ ஓடுறதப் பாத்துட்டு ஊர்ல ஒரு மாதிரி பேசுறாங்க. நமக்கு நல்லா இருக்காது" என்றேன். "யாரு பேசுறா?" என்று அத்தா கேட்டார்கள். "நெறையப் பேரு" என்றேன்.

ஒருவரும் பேசவில்லை, நூரு. ஒரே ஒருவர்கூடப் பேசவில்லை. நான் தோற்றுவிட்டேன். அதை அத்தாவிடம் வேறு மாதிரி சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

ஓட்டத்தை நிறுத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தையும் நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை வந்து திரும்பிப் போனேன். நான் சபர் வந்து உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே சொல்ல நினைத்தேன். உனக்கு எழுத்து மறக்கக்கூடாது என்று எழுதினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நலம், நலமறிய என்று எழுதி முடித்துவிடுவேன்.

யாரோ பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து உச்சி வெயிலில் போனதாக எழுதினாயே. அந்த இடத்தைப் படித்துவிட்டு, படிக்காதவன் மாதிரி முத்துராஜின் கதையை உனக்கு எழுதினேன். நீ சாகக் கிடந்ததற்கு நான்தான் காரணம். வெயில் இல்லை.

கேட்டைத் திறக்கச் சொல்லி தௌஹீதிடம் பேசட்டுமா? நீ சொன்னால் பேசுகிறேன். நீ கேட்காமல் உன்னைப் பற்றி இனி யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன்.

ஷேக் தாவூது


கோட்டைப்பட்டினம்
21.09.2025

காக்கா அவர்களுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேயுங்கள்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் படித்துவிட்டு மடித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் எடுத்துப் படித்தேன். மூன்றாம் நாள் தௌஹீத் சாப்பிட வந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது மாமா ஒங்களுக்கு எழுதுனதும்மா" என்றான். "படி" என்றேன். சோறு ஆறுகிற வரைக்கும் படித்தான். சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். ஆகையால் நீங்கள் அவனிடம் பேச வேண்டாம்.

மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எழுதினால் பொய்யாகிவிடும். எனக்குக் கோபம் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு படித்திருப்பேன். பத்துகூடப் படித்திருப்பேன். எங்கே போயிருப்பேன் என்று தெரியாது. தெரியாததுதான் வயிற்றெரிச்சல். நீங்கள் வாங்கி அனுப்பிய ஷூவை எடுத்துக் கிணற்றில் போடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கால் என்னுடையதல்லவா என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். எந்த நேரத்தில், எப்படி நடந்தேன் என்பதை இந்தத் தடவை மறைக்காமல் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரை இரண்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நடக்கக் கிளம்பும் முன் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். நூறுக்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். திரும்பி வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பேரன்தான் கண்ணாடி பிடிக்கிறான். அவனுக்கு அது விளையாட்டு.

வாட்ச்மேன் அருள்மணிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு மாசமா தெனம் பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். நீங்க திரும்புற வரைக்கும் ஷெட்டு வாசல்லயே நிப்பேன். யாருமில்லன்னு நெனச்சு ஓடுறீங்க, நான் குறுக்க வந்தா நிறுத்திருவீங்கன்னு வரல. யாருக்கிட்டயும் சொல்லவும் இல்ல." வெயிலில் எனக்காக ஒரு மனிதர் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

இப்போது சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்குப் போகிறேன். முதல் நாள் டீக்கடை கண்ணில் பட்டதும் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். என்னைப் பார்த்தார்கள். பாதையில் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டார்கள். மறுபடி பேப்பரைப் பார்த்தார்கள். அத்தனை வருடப் பயம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் ரெங்கராஜே கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "என்னாங்கம்மா, இப்பவும் நடையில எங்கள எல்லாம் முந்திருவீங்க போலயே" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. அங்கேயே நின்று கேட்டேன்.

"ஒன்னு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. அப்ப, சின்னப்புள்ளையில நாம ஓடுனப்ப, ஊர்ல என்னையப் பத்தி யாராச்சும் எதுவும் பேசுனாங்களா?"

அவர் கையிலிருந்த டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"பேசுனோம்மா. பள்ளிக்கூடம் தெறந்து ரெண்டு மாசம், நூர்நிஷா ஏன் வரல, நூர்நிஷா ஏன் வரலன்னு நாங்க பேசிக்கிட்டேதான் இருந்தோம். ஒங்க காக்காகிட்டயும் கேட்டோம்."

ஊர் என்னைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான், காக்கா.

தங்கை,
நூர்நிஷா